எல்லைக்கோட்டுக்கு இப்பால் பாதி, அப்பால் பாதி: இந்திய–இலங்கை மீன்வளக் கூட்டுப் பணிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இரு நாட்டுக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உங்கள் குழு 2016 நவம்பரில் புதுதில்லியில் நடந்த அமைச்சர்கள் பேச்சின்போது அமைக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவது என்று அன்று முடிவாயிற்று. ஆறாவது கூட்டம் கொழும்பில் கூடியது 2024 அக்டோபரில். எட்டு ஆண்டில் ஆறு. இந்தக் கணக்கை எடுத்த எடுப்பில் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மடலே எண்ணிக்கையைப் பற்றியதுதான்.

நான் தூத்துக்குடிக் கரையில் வாழ்பவன். நீங்கள் கூடும்போதெல்லாம் மேசைக்கு வருவது என்ன என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும்: கைதான மீனவர்கள், பறிமுதலான படகுகள், கடலடியை வாரும் இழுவைமடி வலை, ரோந்து. அவை முதலில் வரவேண்டியவைதான். சிறையில் இருப்பவரின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இலங்கையின் வடமாகாண மீனவரின் அறுந்த வலைக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் திமிங்கிலத்தைப் பேசுங்கள் என்று கேட்டால் என் தெருவிலேயே எனக்கு மரியாதை இருக்காது. நான் கேட்பது நிகழ்ச்சிநிரலின் கடைசியில் ஒரு வரி. மன்னார் வளைகுடாவிலும் அதையொட்டிய ஆழ்கடலிலும் உள்ள திமிங்கிலங்களையும் டால்பின்களையும் இரு நாடுகளும் சேர்ந்து, ஒரே பருவத்தில், ஒரே முறையில், ஒருமுறையாவது எண்ணுங்கள். முடிவை ஒரே அறிக்கையாக வெளியிடுங்கள்.

ஏன் சேர்ந்து எண்ண வேண்டும் என்பதற்கு எங்கள் கரையிலிருந்தே தொடங்குகிறேன்.

2016 ஜனவரி 11 மாலை மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைப் பக்கம் குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறின. எண்பதுக்கும் மேல். பெயரில் திமிங்கிலம் என்றாலும் இவை டால்பின் குடும்பம். உருண்ட தலை, கரிய உடல், ஆள் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம். நீரில் மிதக்கும் வரை அந்த எடை அதற்குத் தெரியாது. மணலில் கிடந்தால் சொந்த உடம்பே நுரையீரலை அழுத்தும். வெயில் பட்ட தோல் கொப்புளித்து உரியும். ஊர் மீனவர்கள் கயிறு கட்டிப் படகில் இழுத்துப் போய் ஆழத்தில் விட்டார்கள். விட்டவற்றில் பல அதே கரைக்குத் திரும்பி வந்தன. தாயைச் சுற்றி உறவாக வாழும் விலங்கு அது. கரையில் ஒன்று கிடந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தால் மற்றவை விலகிப் போவதில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டவை செத்தன. பொக்லைன் கொண்டு குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அதற்கு 43 ஆண்டுகளுக்கு முன், 1973 ஜனவரியில், இதே கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அன்றைய மீன்வள விஞ்ஞானிகள் அதைப் பதிவு செய்து வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. பிறகு 2020 நவம்பரில், கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில், அதே இனம், சுமார் 120. கொரோனா ஊரடங்கு நாள்கள் அவை. கடற்படையினரும் கடலோரக் காவல் படையினரும் ஊர் இளைஞர்களும் இரவெல்லாம் நீரில் நின்று தள்ளினார்கள். பெரும்பாலானவை உயிரோடு கடலுக்குப் போய்ச் சேர்ந்தன.

மணப்பாட்டில் எது பலிக்கவில்லை என்பதைப் பாணந்துறைக்குச் சொல்ல அரசு வழி ஏதாவது இருந்ததா? பாணந்துறையில் எது பலித்தது என்பது இப்போது தூத்துக்குடியில் யாருடைய கோப்பிலாவது இருக்கிறதா? இரண்டும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவையா, வெவ்வேறா? மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லவேண்டிய இடம் உங்கள் மேசை. வேறு எந்த மேசையிலும் இரு கரையும் சேர்ந்து உட்காருவதில்லை.

தனித்தனியாக எண்ணிக்கொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஐரோப்பியர்களின் வட கடல் நல்ல பதில் வைத்திருக்கிறது. அங்கே ஹார்பர் போர்ப்பஸ் என்ற சிறிய டால்பின் உறவினம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் டென்மார்க் மீனவர்களின் செவுள் வலைகளில் அது ஆண்டுக்குப் பல ஆயிரமாகச் சிக்கிச் செத்துக்கொண்டிருந்தது. மொத்தம் எத்தனை இருக்கின்றன என்று தெரியாமல் இத்தனை சாவது அதிகமா, தாங்கக்கூடியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1994 ஜூலையில் கரையோர நாடுகள் சேர்ந்து 9 கப்பல்களையும் 2 விமானங்களையும் ஒரே நேரத்தில் அனுப்பி எண்ணின. கிடைத்த மதிப்பீடு சுமார் 3,40,000. 2005இல் மறுபடி எண்ணினார்கள். மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் 1994இல் வடக்கே, ஸ்காட்லாந்துப் பக்கம் செறிந்திருந்தவை 2005இல் தெற்கே இறங்கியிருந்தன.

இதில் உள்ள விஷயத்தை யோசித்துப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்காரர் தன் கடலை மட்டும் எண்ணியிருந்தால் இனம் அழிகிறது என்று அலறியிருப்பார். நெதர்லாந்துக்காரர் தன் கடலை மட்டும் எண்ணியிருந்தால் பெருகிவிட்டது, இனிக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்டிருப்பார். இருவரும் நேர்மையாகவே எண்ணியிருப்பார்கள். இருவர் முடிவும் தவறாக இருந்திருக்கும். 2016இலும் 2022இலும் அந்த நாடுகள் மீண்டும் எண்ணின. மீன்பிடி உரிமைக்காக அவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டை நம்முடையதற்குச் சளைத்தது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நம் கடலில் 1974இலும் 1976இலும் எல்லைக்கோடு போட்டோம். கோட்டுக்கு அந்தப் பக்கம் கற்பிட்டிக்கு வெளியே நவம்பர் முதல் ஏப்ரல் வரை சுழன்று துள்ளும் டால்பின் கூட்டங்களைப் பார்க்கச் சுற்றுலாப் படகுகள் போகின்றன. சில நாள் ஸ்பெர்ம் வேல் எனப்படும் பெருந்தலைத் திமிங்கிலங்களும் தென்படுகின்றன. கச்சான் எனும் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் படகுகள் நின்றுவிடுகின்றன. அதோடு பார்வைப் பதிவும் நின்றுவிடுகிறது. அதன்பின் அந்தக் கூட்டங்கள் அங்கேயே இருக்கின்றனவா, எங்கள் பக்கம் வருகின்றனவா, மேற்கே அரபிக்கடலுக்குப் போகின்றனவா? சுற்றுலாப் படகின் கால அட்டவணையை விலங்கின் கால அட்டவணை என்று எடுத்துக்கொள்ளும் நிலையில்தான் இரு நாடும் இருக்கின்றன.

இந்த விலங்குகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கூனல் திமிங்கிலமே சாட்சி. ஓமன் நாட்டின் மஸீரா வளைகுடாவில் 2017 இறுதியில் ஒரு பெண் திமிங்கிலத்தின் உடலில் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். லுபான் என்று பெயர். சாம்பிராணிக்கு அரபியில் அதுதான் சொல். அரபிக்கடலின் கூனல் திமிங்கிலங்கள் வலசை போகாதவை, ஓமன் கரையோரம் எஞ்சியவை 100க்கும் குறைவு என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆனாலும் லுபான் கடலைக் குறுக்காகக் கடந்து கோவாவுக்கு அப்பால் வந்து, கேரளக் கரையோடு தெற்கே இறங்கி, இந்தியாவின் தென்முனை வரை வந்து திரும்பியது. ஓமன் நாட்டு ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும் அரபிக்கடல் திமிங்கில வலையமைப்பு என்ற பெயரில் 2015 முதலே தொடர்பில் இருந்ததால் அந்தப் பயணத்துக்கு இந்தப் பக்கமும் கவனிக்க ஆள் இருந்தது.

அந்தக் கூனல் திமிங்கிலங்கள் ஏன் அவ்வளவு குறைந்தன என்பதும் எண்ணிக்கையின் கதைதான். 1960களில் சோவியத் கப்பல்கள் ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளுக்கு அப்பால் 242 கூனல் திமிங்கிலங்களைக் கொன்றன. சர்வதேசத் திமிங்கில ஆணையத்துக்கு அனுப்பிய கணக்கில் அது இல்லை. 1990களில் ரஷ்ய விஞ்ஞானிகளே தங்களிடம் இருந்த உண்மைப் பதிவேடுகளை வெளியே கொண்டுவந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. தன் கடலில் தானே எண்ணி, தானே சரிபார்த்து, தானே அறிவிக்கும் கணக்கின் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததற்கு இது ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரர் உடனிருந்து எண்ணட்டும்.

இந்தியா எண்ணவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கங்கையிலும் அதன் கிளைகளிலும் பிரம்மபுத்திராவிலும் பியாஸிலுமாக ஆற்று டால்பின்களை எண்ணி 6,327 என்று 2025 மார்ச்சில் அறிவித்தோம். 28 ஆறுகள், 8,500 கிலோமீட்டருக்கு மேல். பெரிய வேலை. கடலிலும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இந்திய மீன்வள அளவாய்வு நிறுவனமும் பாலூட்டிகளைக் கணக்கெடுத்து வருகின்றன. அதற்கு உடனடித் தூண்டுதல் அமெரிக்கா. கடல் பாலூட்டிகளைக் கொல்லும் மீன்பிடி முறையில் பிடித்த மீனை வாங்க மாட்டோம் என்று தன் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2016இல் விதி கொண்டுவந்து, பலமுறை தவணை நீட்டி, 2026 ஜனவரியிலிருந்து அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கியிருக்கிறது. இறால் ஏற்றுமதி நின்றுவிடுமோ என்ற பயத்தில் டால்பினை எண்ணினோம் என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரக்கூடாது. பயத்தில் செய்தாலும் வேலை நல்ல வேலை. இலங்கையும் அதே சந்தைக்கு மீன் அனுப்புகிறது. அங்கே நீர்வாழ் வள ஆய்வு நிறுவனமான நாராவுக்கும் அதே தலைவலி. இரண்டு நாடுகள் ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே கடலைப் பற்றித் தனித்தனிக் கணக்கு கொடுத்து, இரண்டும் ஒட்டாமல் போனால் வாங்குபவர் எதை நம்புவார்?

எண்ணும் முறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஒட்டாமல் போவது இங்கேதான். வரைபடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டுக்கொண்டு படகு அந்தக் கோட்டில் ஒரே வேகத்தில் போக வேண்டும். ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம், ஒருவர் எழுத. ஏதாவது தென்பட்டால் எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில், எத்தனை என்று உடனே குறிக்க வேண்டும். தூரம் கூடக் கூடக் கண்ணுக்குத் தப்புவது கூடும். அந்தச் சரிவைக் கணக்கிட்டுத்தான் மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். காற்று ஏறி அலைத் தலையில் வெண்நுரை பரவினால் வேலையை நிறுத்திவிட வேண்டும், அந்த நுரையில் முதுகுத் துடுப்பு தெரியாது. நீருக்கடியில் இருப்பது யார் கண்ணுக்கும் படாது. ஆகவே ஒரே படகில் ஒருவரையொருவர் பார்க்காதபடி இரண்டு அணிகளை நிறுத்துகிறார்கள். ஓர் அணி கண்டதில் மற்ற அணி எத்தனையைத் தவறவிட்டது என்பதிலிருந்து இரு அணியும் தவறவிட்டதை ஊகிக்கிறார்கள். பெருந்தலைத் திமிங்கிலம் முக்கால் மணி நேரம், சில வேளை ஒரு மணி நேரம்கூட மேலே வராது. அதற்கு நீரொலி வாங்கியை இழுத்துச் சென்று அதன் சொடுக்கொலியைக் கேட்க வேண்டும். இந்தியா உயரமான கப்பல் தளத்திலிருந்து பிப்ரவரியிலும், இலங்கை சிறு படகிலிருந்து ஆகஸ்டிலும் எண்ணினால் அந்த இரண்டு எண்களைக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது.

இனி உங்கள் மனத்தில் ஓடும் தடையைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கப்பல் என்றாலே இப்போது இரு தலைநகரங்களும் முகம் சுளிக்கின்றன. 2022இல் சீனாவின் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தது, 2023இல் அதே நாட்டின் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தது. இரண்டுக்கும் தில்லி கவலை தெரிவித்தது. இலங்கை 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்குத் தடை போட்டது. கடலடியை அளப்பவர் நீர்மூழ்கிக்காக அளக்கிறாரா, மீனுக்காக அளக்கிறாரா என்ற சந்தேகம் நியாயமானதே.

சரி, கப்பலே வேண்டாம். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், ஆள்களுக்கு வேலை இருக்காது. ஏப்ரல் பின்பாதி இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட நேரம், கடல் தணிந்திருக்கும். மே கடைசியில் கச்சான் ஏறிவிடும். இலங்கையில் அதே ஏப்ரல் நாள்களில் புத்தாண்டுக்காக, பல நாள் கடலில் தங்கும் படகுகளின் ஆள்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள், கொண்டாட்டம் முடிந்து கடலுக்குத் திரும்பும் முன் கொஞ்சம் இடைவெளி உண்டு. இரு கரையிலும் சில படகுகளை டீசலும் கூலியும் கொடுத்து அமர்த்துங்கள். தன் படகு தன் பக்கத்துக் கடலிலேயே ஓடட்டும். எல்லைக்கோட்டை அடையும் இடத்தில் நம் படகு திரும்பட்டும். அதே நாள் அந்தப் புள்ளியிலிருந்து அவர்கள் படகு தொடங்கட்டும். ஒவ்வொரு படகிலும் அடுத்த நாட்டுப் பார்வையாளர் ஒருவர் மட்டும் ஏறினால் போதும். கடலடியை அளக்க வேண்டியதில்லை. ஆழம் அளக்கும் ஒலிமானி தேவையில்லை. தொலைநோக்கி, கோணம் பார்க்கும் பலகை, ஜி.பி.எஸ்., கேமரா, நோட்டுப் புத்தகம். பாதுகாப்புத் துறை ஆட்சேபிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பாதுகாப்புக் கருவியும் திமிங்கில ஆய்வும் ஒன்றாகப் போக முடியாது என்பதும் உண்மையில்லை. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்க இந்தியப் பெருங்கடல் தீவான டீகோ கார்சியாவுக்கு அருகில் கடலில் ஒலி வாங்கிகள் வைத்திருக்கிறார்கள். அங்கே கிட்டத்தட்ட இருபது ஆண்டு சேர்ந்திருந்த ஒலிப்பதிவை ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், இதுவரை யாரும் அடையாளம் காணாத ஒரு நீலத்திமிங்கிலக் கூட்டம் அங்கே பாடிக்கொண்டிருக்கிறது என்று 2021இல் அறிவித்தார்கள். உலகின் மிகப் பெரிய விலங்கில் ஒரு கூட்டத்தையே தவறவிட்டிருந்தோம், குண்டுக்காக வைத்த காது கேட்டுச் சொல்லிவிட்டது.

மீனவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த மடல் நகராது.

எங்கள் பக்கம் பருவலை எனும் செவுள் வலை போடும் படகுகள் சூரையும் சீலாவும் தேடி ஆழத்துக்குப் போகின்றன. மாலையில் வலையை விட்டு, இரவெல்லாம் அதோடு மிதந்து, விடியும் முன் இழுக்கத் தொடங்குவார்கள். சில நாள் வலை கனமாக வரும். ஓங்கில், அதாவது டால்பின், ஒன்று சுற்றிக்கொண்டு மூச்சு முட்டிச் செத்திருக்கும். கத்தியால் வலையை அறுத்து விடுவித்து நீரில் தள்ளிவிடுவார்கள். வலை போனது நட்டம். வாய் திறந்தால் அதைவிட நட்டம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது. புலிக்கும் அதற்கும் ஒரே தண்டனை. கரைக்கு வந்து யாரும் சொல்வதில்லை. நானும் மீனவராக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். இலங்கைப் பக்கத்திலும் சட்டம் கடுமையானது, அங்கும் வாய்கள் மூடியே இருக்கின்றன.

இப்படிச் சொல்லப்படாமல் போனவற்றை 2020இல் ஓர் ஆய்வுக் குழு கூட்டிப் பார்க்க முயன்றது. இந்தியப் பெருங்கடலின் சூரைச் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை சிக்கி இறந்த சிறு திமிங்கிலங்களும் டால்பின்களும் சுமார் 41 லட்சம் என்பது அவர்கள் மதிப்பீடு. கிடைத்த கொஞ்சத் தகவலை நீட்டிக் கணக்கிட்டதால் பிழை நிறைய இருக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். அதிகம் கொல்லும் நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருக்கிறது, இலங்கையும் இருக்கிறது. அந்த எண் தவறு என்றால் மறுப்பதற்கு நம் கையில் வேறு எண் வேண்டும். இல்லை.

பாகிஸ்தானில் வேறு வழி பார்த்தார்கள். படகுத் தலைவர்களுக்கே பயிற்சி கொடுத்து, வலையில் சிக்குவதை அவர்களே குறித்துவைக்கச் செய்தார்கள். வழக்கு இல்லை, வசை இல்லை. சேர்ந்த பதிவுகளிலிருந்து ஒரு விஷயம் துலங்கியது: வலையை நீர்மட்டத்தில் விடாமல் இரண்டு மீட்டர் கீழே இறக்கிவிட்டால் சிக்கும் டால்பின்கள் முக்கால் பங்குக்கு மேல் குறைகின்றன. சூரை வரத்து பெரிதாக அடிபடவும் இல்லை. கயிறும் மிதவையும் மாற்றினால் முடியும் வேலை. எந்த விஞ்ஞானி கப்பலில் வந்து நின்றாலும் இது கிடைத்திருக்காது, மீனவர் சொன்னதால் கிடைத்தது.

ஆகவே உங்களிடம் நான் வற்புறுத்துவது எண்ணும் படகைவிடவும் இதைத்தான்: வலையில் தவறிச் சிக்கிய கடல் பாலூட்டியைத் தாமாக முன்வந்து அறிவிக்கும் மீனவர் மீது வழக்கு இல்லை என்று இரு அரசுகளும் ஒரே நாளில் அறிவிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அறிவித்தால் மறுபக்கத்து மீனவர் சிரிப்பார். வேண்டுமென்றே கொல்பவருக்கும் விற்பவருக்கும் இப்போதுள்ள தண்டனை இருக்கட்டும். அறிவிப்பவருக்கு அறுந்த வலையின் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தால் தகவல் கொட்டும் என்று நினைக்கிறேன். பொய்யும் கொஞ்சம் வரும். புகைப்படமும் இடமும் கேட்டால் வடிந்துவிடும். எங்கள் ஊர்ப் படகுகளில் இப்போது கைபேசி இல்லாத ஆள் யார்?

இடையில் ஒன்று. திமிங்கிலம் தொடர்பாக இரு நாட்டுக் காவல்துறைக்கும் ஓரளவு பழக்கமான விஷயம் இப்போதைக்கு அம்பர்கிரிஸ் கடத்தல்தான். எங்கள் மாவட்டச் செய்திகளில் அது அடிக்கடி வரும், கிலோவுக்கு இத்தனை கோடி என்று. பெருந்தலைத் திமிங்கிலத்தின் குடலிலிருந்து வந்ததற்கு விலை சொல்ல ஆள் இருக்கிறது. எத்தனை பெருந்தலைத் திமிங்கிலங்கள் இந்த வளைகுடாவுக்கு வெளியே உலவுகின்றன என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

தகவலைப் பகிர்வதில் சட்டச் சிக்கல் உண்டு என்பதை அறிவேன். ஒதுங்கிய திமிங்கிலத்தின் நகத்தளவு தோல் துண்டைக்கூட அயல்நாட்டுக்கு அனுப்ப அனுமதிச் சீட்டுகள் வேண்டும். அந்தச் சீட்டுகள் வருவதற்குள் மாதிரி கெட்டுவிடும். அனுப்ப வேண்டாம். அவரவர் ஆய்வகத்திலேயே மரபணு வரிசையைப் படித்து, எழுத்தாகக் கிடைக்கும் அந்த வரிசையை மட்டும் மின்னஞ்சலில் பரிமாறிக்கொள்ளலாம். மணப்பாட்டுக் கூட்டமும் பாணந்துறைக் கூட்டமும் உறவா என்ற கேள்விக்கு, இரு பக்கமும் மாதிரி பத்திரமாக இருந்தால், விடை அதிலிருந்தே வந்துவிடும். புகைப்படங்களும் அப்படியே. நீலத்திமிங்கிலத்தின் விலாவில் உள்ள புள்ளிக் கோலமும் டால்பினின் முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டுகளும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவில் எடுத்த படங்களையும் நம் கரைகளில் எடுத்த படங்களையும் ஒரே தொகுப்பில் வைத்தால் ஒரே விலங்கு இரு பக்கமும் வந்துபோவது தெரிந்துவிடும்.

இதெல்லாம் எதற்குப் பயன் என்று கேட்பவர்களுக்கு எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலை நினைவூட்டுகிறேன். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. அதன்பின் ஒதுங்கிய உயிரினங்களைப் பற்றி இலங்கை நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு: 176 ஆமைகள், 20 டால்பின்கள், 4 திமிங்கிலங்கள். இழப்பீடு கேட்கும்போது எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, சாதாரண ஆண்டில் எத்தனை ஒதுங்கும், கடலில் மொத்தம் எத்தனை இருந்தன என்பதாகவே இருக்கும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணை கேரளக் கரையில் குவிந்து, கன்னியாகுமரி தாண்டி, தனுஷ்கோடியில் ஒதுங்கி, மன்னார் வரை போயிற்று. ஒரு கரைக்கு அப்பால் மூழ்கும் கப்பலின் குப்பை மறுகரைக்கும் வந்து சேரும். அடுத்தது எந்தப் பக்கத்தில் மூழ்கினாலும் இரு நாடும் ஒரே வழக்கில் நிற்க வேண்டியிருக்கும், அப்போது கையில் முன்கணக்கு இருந்தால் நல்லது.

இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே கப்பல் பாதையில் நீலத்திமிங்கிலங்கள் மோதிச் சாவதையும் இங்கே எழுதலாம். பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று 2022இல் தானாகவே தன் பாதையைத் தெற்கே தள்ளிக்கொண்டது. மற்றவற்றில் பல பழைய பாதையிலேயே போகின்றன. கொழும்பில் மாற்றி ஏற்றும் சரக்கில் பெரும்பங்கு இந்தியாவுடையது என்பதால் நமக்கும் அதில் பொறுப்பு உண்டு. ஆனால் அது கப்பல் துறையின் வேலை, உங்கள் குழுவுக்கு வெளியே. விட்டுவிடுகிறேன்.

புதிதாக ஒப்பந்தம் எதுவும் எழுத வேண்டியதில்லை. வலசை உயிரினங்களுக்கான உடன்படிக்கையில் இரு நாடும் உறுப்பினர். அதன் மாநாட்டை 2020இல் காந்திநகரில் இந்தியாவே நடத்தியது. அதே உடன்படிக்கையின்கீழ் ஆவுளியா எனும் கடல்பசுவைக் காக்கும் புரிந்துணர்விலும் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்திலும் இருவரும் உட்காருகிறீர்கள். இந்தப் பெருங்கடல் முழுவதையும் 1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் சரணாலயமாக அறிவித்தது. காகிதத்துக்குக் குறைவில்லை.

இந்தப் பணியை உங்கள் பெரிய சச்சரவுகளுக்கு மருந்து என்று விற்கவும் எனக்கு விருப்பமில்லை. ஒரே படகில் ஏறி டால்பின் எண்ணிய இரு மீனவர்கள் மறுநாள் இழுவைமடி விஷயத்தில் ஒத்துப்போவார்கள் என்று சொன்னால் இரு கரையும் நகைக்கும். இது நடந்தாலும் அது அப்படியே இருக்கும். ஆனால் எட்டு ஆண்டு பேசியும் முடியாதவற்றுக்கு நடுவே ஒரே ஏப்ரலில் முடிக்கக்கூடிய ஒரு வேலையும் பட்டியலில் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தின் தேதி முடிவாகும்போது கற்பிட்டியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் இராமேஸ்வரத்திலிருந்தும் படகோட்டிகள் சிலரையும், நாராவிலிருந்தும் கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் இந்த விலங்குகளை அறிந்த ஓரிருவரையும் அறைக்குள் அழையுங்கள். எந்தக் கோட்டில் எந்த நேரத்தில் ஓடினால் கண்ணில் படும் என்பதை முன்னவர் சொல்வார்கள். அதை எப்படி எண்ணாக மாற்றுவது என்பதைப் பின்னவர் சொல்வார்கள்.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரு நாட்டுக் கடலோரக் காவல் படைகளுக்கும் இடையே நேரடித் தொலைபேசித் தொடர்பு வைப்பதாக 2016இலேயே பேசி முடித்தீர்கள். திமிங்கிலக் கூட்டம் கரையேறினால் அழைக்க வேண்டிய ஆளின் பெயரையும் எண்ணையும் இரு பக்கமும் அந்தத் தொடர்பில் சேர்த்து, மணப்பாட்டிலும் பாணந்துறையிலும் கயிறு பிடித்தவர்களின் அனுபவத்தை இரண்டு பக்கத்தில் எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் மலையாளத்திலும் அச்சிட்டு மீன்பிடித் துறைமுகங்களில் ஒட்டச் சொல்லுங்கள். இதற்கு அமைச்சர் கையெழுத்தும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். பைலட் திமிங்கிலங்கள் எங்கள் கரையில் ஏறிய இரண்டு முறையும் ஜனவரி மாதம்.

தங்கள் உண்மையுள்ள,
தூத்துக்குடிக் கரைவாசி ஒருவன்